நீதிமன்றம் நூலகமானது: நியூயார்க் ஜெபர்சன் மார்க்கெட் கட்டடம் குறித்த நிகழ்வு ஆய்வு

ஆய்வின் பொருள்

நியூயார்க் நகரின் மன்ஹாட்டனில், கிரீனிச் வில்லேஜ் என்னும் பழைய குடியிருப்புப் பகுதியில், ஆறாவது அவென்யூவும் பத்தாவது தெருவும் கூடும் முனையில் உயர்ந்த மணிக்கூண்டுடன் ஒரு செங்கல் கட்டடம் நிற்கிறது. 1877 முதல் 1945 வரை அது நீதிமன்றம். 1967 முதல் பொது நூலகத்தின் கிளை. இடைப்பட்ட 22 ஆண்டுகளில் அது பயனிழந்து, பாழடைந்து, இடிபடும் தறுவாய் வரை சென்று மீண்டது. அந்த 22 ஆண்டுகளில் என்ன நடந்தது, யார் எந்த முடிவை எதற்காக எடுத்தார்கள், அந்த முடிவுகள் பின்னாளில் எப்படிப் பலித்தன என்பதே இந்த ஆய்வின் பொருள்.

பழைய கட்டடங்களைக் காப்பது குறித்த கட்டுரைகள் பெரும்பாலும் கட்டடத்தின் அழகையும் வயதையும் விவரித்துவிட்டு, அவற்றுக்காகவே அது காப்பாற்றப்பட்டது என்பதுபோல முடிந்துவிடுகின்றன. இந்த நிகழ்வு அந்த விளக்கத்துக்கு இடம் தரவில்லை. நாட்டின் மிக அழகான கட்டடங்களுள் ஒன்று என்று ஒரு தலைமுறை கொண்டாடிய அதே கட்டடத்தை, முக்கால் நூற்றாண்டு கழித்து வேறொரு தலைமுறை இடிக்கத் துணிந்தது. அதைக் காத்தது, அதற்கென்று ஒரு புதிய பயனாளியைத் தேடிக் கொண்டுவந்து நிறுத்திய செயல்தான்.

முயற்சியில் ஈடுபட்ட பகுதிவாசிகளைப் பெயர் சொல்லாமலேயே குறிப்பிடுகிறேன். கட்டடக் கலைஞர்கள், மேயர் போன்று பொறுப்பு வகித்தவர்களின் பெயர்களை மட்டும் தேவையான இடங்களில் தருகிறேன்.

பின்னணி

அந்த முனையில் முதலில் இருந்தது ஒரு சந்தை. 1830களில் உருவான அந்தச் சந்தைக்கு அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெபர்சனின் பெயர் வைக்கப்பட்டது. கொட்டகைகளுக்கு நடுவே தீ எங்கே பிடித்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வதற்கான மரக் கோபுரம் ஒன்றும், தன்னார்வத் தீயணைப்பு வீரர்களை அழைப்பதற்கான மணியும் இருந்தன. பிறகு அதே வளாகத்தில் நீதிமன்றமும் சிறையும் புதிய சந்தைக் கட்டடமும் சேர்த்துக் கட்ட நகராட்சி முடிவு செய்தது. நீதிமன்றத்தை வடிவமைத்தவர்கள் பிரெடரிக் கிளார்க் விதர்ஸ், கால்வர்ட் வாக்ஸ் ஆகிய இருவர். வாக்ஸ், நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த இருவருள் ஒருவர். 1875-இல் தொடங்கிய கட்டுமானம் 1877-இல் முடிந்தது. செலவு ஏறத்தாழ 3,60,000 டாலர்.

மனை முக்கோண வடிவானது. பெரும்பாலான கட்டடக் கலைஞர்கள் இத்தகைய மனையைத் தொல்லையாகவே கருதுவார்கள். இவர்களோ அந்தக் கூர்முனையைச் சுற்றிக் கூரைகளையும் முகப்புகளையும் அடுக்கி, பழைய தீக்காவல் கோபுரத்தின் வேலையையும் ஏற்கும்படி நான்முகக் கடிகாரத்துடன் கூடிய கோபுரத்தை எழுப்பினர். தீயணைப்பு மணியும் அதிலேயே தொங்கவிடப்பட்டது. சிவப்புச் செங்கல் சுவரில் வெளிர்நிறக் கல் பட்டைகள் ஓடுகின்றன. வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், கல்லில் செதுக்கிய பறவைகளும் விலங்குகளும், முகப்பு முக்கோணத்தில் ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தின் வழக்காடு காட்சி என்று பார்க்கப் பார்க்க ஏதாவது ஒன்று கண்ணில் படும். வழக்குக்கு வருபவர்களுக்கு நீதியும் இரக்கமும் இங்கே கிடைக்கும் என்று சொல்வதற்காகச் செதுக்கிய காட்சி அது. உள்ளே கிடைத்தது எப்போதும் அதுவாகவே இருந்தது என்று சொல்ல முடியாது.

1885-இல் ஒரு கட்டடக்கலை இதழ் அமெரிக்கக் கட்டடக் கலைஞர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் நாட்டின் சிறந்த பத்துக் கட்டடங்களுள் ஐந்தாவது இடம் இதற்குக் கிடைத்தது. அந்தப் பட்டியலில் பாஸ்டனின் டிரினிட்டி தேவாலயம் முதலிடத்திலும், வாஷிங்டனின் நாடாளுமன்றக் கட்டடம் இரண்டாம் இடத்திலும் இருந்தன. ஒரு பேட்டை நீதிமன்றத்துக்கு இது சாதாரண மரியாதை அன்று.

தரைத்தளத்தில் காவல்துறை வழக்குகளுக்கான மன்றமும், மேல்தளத்தில் உரிமையியல் வழக்குகளுக்கான மன்றமும் இயங்கின. செங்கல் வளைவுகள் தாங்கும் நிலவறையில், விசாரணைக்கோ சிறைக்கோ போகும் வழியில் கைதிகளை நிறுத்திவைத்தார்கள். 1896-இல் எழுத்தாளர் ஸ்டீபன் கிரேன், தவறாகப் பிடிக்கப்பட்டதாகத் தாம் நம்பிய ஒரு பெண்ணுக்காக இங்கே சாட்சி சொன்னார். 1906-இல் கட்டடக் கலைஞர் ஸ்டான்போர்ட் ஒயிட்டைச் சுட்டுக்கொன்ற ஹாரி தா முதலில் கொண்டுவரப்பட்டதும் இங்கேதான். 1907-இல் இரவு நீதிமன்றம் இங்கே தொடங்கியது. சில ஆண்டுகளில் அது பெண்களுக்கான இரவு நீதிமன்றமாக மாறியது. 1909-இல் தையல் தொழிற்சாலைப் பெண்கள் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்தில் கைதானவர்களை இரவோடிரவாக இந்தக் கட்டடத்துக்கே ஏற்றி வந்தார்கள்.

வெளிப்புறச் சூழலும் முக்கியமானது. கட்டடம் முடிந்த மறு ஆண்டே, 1878-இல், அதன் வாசலை ஒட்டி ஆறாவது அவென்யூ மேல்நிலை ரயில் ஓடத் தொடங்கியது. 1938 வரை, அதாவது அறுபது ஆண்டுக்காலம், அந்த முகப்பு அதிர்விலும் இரும்புத் தூண்களின் நிழலிலும், நீராவி எஞ்சின்கள் ஓடிய தொடக்கக் காலத்தில் புகையிலும் கிடந்தது. கட்டடத்தின் அழகைத் தொலைவிலிருந்து நின்று பார்க்கவே முடியாத நிலையில்தான் இரண்டு தலைமுறை மக்கள் அதைக் கடந்து சென்றார்கள்.

பயன் போனபின் கண்ட நிலை

1920களின் இறுதியில் வளாகத்தின் சிறையும் சந்தையும் இடிக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் பதினொரு மாடி மகளிர் சிறை எழுந்து 1932-இல் செயல்படத் தொடங்கியது. சந்தை, சிறை, நீதிமன்றம் என மூன்றும் சேர்ந்து ஒரே அமைப்பாக வடிவமைக்கப்பட்டதில் நீதிமன்றம் மட்டும் தனித்து நின்றது. 1945-இல் வழக்குகளும் நின்றன. அதன்பின் காவல்துறைப் பயிற்சி உள்ளிட்ட நகராட்சியின் பல்வேறு அலுவல்களுக்கு அறைகள் பயன்பட்டன. 1950களின் முடிவில் அவையும் வெளியேறின.

ஆளில்லாத கட்டடம் எப்படி அழியும் என்பதற்கு இது எல்லா வகையிலும் எடுத்துக்காட்டு. உடைந்த ஜன்னல் வழியே புறாக்கள் குடியேறின, கீழே எலிகள். கோபுரக் கடிகாரம் ஓடவில்லை. செங்கல்லின் சிவப்பை ரயில் காலத்துப் புகைக்கரி மூடியிருந்தது. பூட்டிய அரசுக் கட்டடத்துக்கு எந்தத் துறையும் தன் வரவு செலவில் பணம் ஒதுக்குவதில்லை. ஒதுக்காததால் சேதம் கூடுகிறது. சேதம் கூடியதையே காரணம் காட்டி, சீர்செய்வது கட்டுப்படியாகாது என்று கோப்பில் எழுத முடிகிறது. நகராட்சியின் எண்ணம், மனையை விற்று அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு வரவிடுவது.

அன்றைய ரசனையும் கட்டடத்துக்கு எதிராகவே இருந்தது. 1950களில், கூர்வளைவுகளும் கோபுரங்களும் செதுக்கல்களும் நிறைந்த விக்டோரியா காலத்துக் கோத்திக் பாணி, அதாவது இந்தக் கட்டடத்தின் பாணி, என்றாலே தேவையற்ற ஆடம்பரம், கண்ணுக்கு உறுத்தல் என்ற கருத்துதான் படித்தவர்களிடையே ஓங்கியிருந்தது. கண்ணாடியும் எஃகும் புதுமையின் அடையாளமாக இருந்தன. 1885-இன் ஐந்தாம் இடத்தை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. நினைவில் இருந்திருந்தாலும் அது வாதமாக எடுபட்டிருக்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அப்போது நியூயார்க்கில் பழைய கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று தடுப்பதற்குச் சட்டமே கிடையாது. நகரப் பாரம்பரியச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் 1965-இல்தான் வந்தது. அதற்குப் பெரிய தூண்டுதல், நியூயார்க்கிலேயே இருந்த புகழ்பெற்ற பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963-இல் இடிக்கத் தொடங்கியது. ஜெபர்சன் மார்க்கெட் விவகாரம் இவை இரண்டுக்கும் முந்தையது. ஆகவே பகுதிவாசிகளுக்கு நீதிமன்றப் படியேற வழியில்லை. நகராட்சியை இணங்க வைப்பது ஒன்றே வழி.

முதல் முடிவு: கடிகாரம்

பகுதிவாசிகள் சிலர் கூடிப் பேசியபோது, கட்டடம் முழுவதையும் காப்பாற்றுங்கள் என்ற கோரிக்கையோடு அவர்கள் தொடங்கவில்லை. நின்றுபோன கடிகாரத்தை ஓட வையுங்கள் என்றுதான் தொடங்கினார்கள். அதற்கென்றே ஒரு குழு அமைத்து, கையெழுத்து வாங்கினார்கள், நகராட்சி அலுவலகங்களுக்கு மனு போட்டார்கள், பணமும் திரட்டினார்கள். கடிகாரத்தை மின்சாரத்தில் இயங்கச் செய்யும் ஏற்பாடு இந்த முயற்சியில் விளைந்தது.

இது சின்ன விஷயமாகத் தோன்றும். நிகழ்வு முழுவதிலும் மிகக் கூர்மையான முடிவு இதுவே என்பது என் மதிப்பீடு. கோத்திக் பாணி நல்லதா கெட்டதா என்று தெருவில் நின்று யாரோடும் வாதாட முடியாது. ஆனால் ஊர்க் கடிகாரம் ஓட வேண்டும் என்பதை மறுப்பவர் யாரும் இல்லை. கையெழுத்துக் கேட்டு வருபவரிடம் கடைக்காரரும் பள்ளிப் பிள்ளைகளின் தாய்மாரும் இரண்டு நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிடக்கூடிய கோரிக்கை அது. அதிகாரிகளுக்கும் அது அச்சமூட்டாத கோரிக்கை. செலவு சிறியது, வாக்குறுதி சிறியது. ஆனால் கடிகாரம் இருப்பது கோபுரத்தில், கோபுரம் இருப்பது கட்டடத்தில். கடிகாரத்தை ஓட்ட ஒத்துக்கொண்ட பின் அதன் கீழே உள்ளதை இடிப்பேன் என்று சொல்வது எந்த நிர்வாகத்துக்கும் சங்கடமான காரியம். தனி மனுக்களாகச் சிதறியிருக்கக்கூடிய மனக்குறை, கடிகாரக் குழு என்ற ஒரு பெயரும் முகவரியும் உள்ள அமைப்பாக மாறியது. அடுத்த கட்டத்தில் அதே ஆட்கள், அதே பட்டியல், அதே அனுபவம் கட்டடம் முழுவதற்குமான போராட்டத்துக்குப் பயன்பட்டன.

பகுதியின் அன்றைய சூழலையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் ஊடே சாலையை அகலப்படுத்த, நகரின் சாலை, பூங்காத் திட்டங்களைக் கையில் வைத்திருந்த அதிகாரி ராபர்ட் மோசஸ் போட்ட திட்டத்தை இதே கிரீனிச் வில்லேஜ் மக்கள் பல ஆண்டுகள் எதிர்த்து, 1950களின் இறுதியில் பூங்காவின் ஊடே கார் போக்குவரத்து நிற்கும்படி செய்திருந்தார்கள். 1961-இல் மேற்கு வில்லேஜை நகர்ப்புறச் சீரமைப்பு என்ற பெயரில் இடிக்க வந்த திட்டத்தையும் எதிர்த்துக்கொண்டிருந்தார்கள். நகராட்சிக் கூட்டத்தில் எப்போது எழுந்து பேசுவது, எந்தப் பத்திரிகையாளரை அழைப்பது, யாரிடம் கெஞ்சுவது, யாரிடம் மிஞ்சுவது என்பதெல்லாம் அவர்களுக்குப் பழகிய வேலை. கடிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வேறொரு ஊரில் இதே வழியைப் பின்பற்றினால் இதே பலன் வரும் என்று நம்பிவிடக் கூடாது.

இரண்டாம் முடிவு: நூலகம்

இடிக்காதே என்று சொல்வதோடு நின்றிருந்தால் கட்டடம் சில ஆண்டுகள் தள்ளித்தான் இடிந்திருக்கும். உள்ளே என்ன வரும் என்ற கேள்விக்குக் கோரிக்கை வைத்தவர்களே விடை கொண்டுவந்தார்கள்: பொது நூலகம். அந்த வட்டாரத்துக்கு இருந்தது, ஜாக்சன் சதுக்கத்தில் 1888-இல் எழுந்த ஒரு பழைய சிறு கிளை. பெரிய கிளைக்கான தேவை உண்மையானது.

இந்தத் தேர்வு பொருந்தியதற்கு நிர்வாகக் காரணம் ஒன்று உண்டு. உணர்ச்சிக் காரணங்களைவிட அதுவே வலுவானது. நியூயார்க் பொது நூலகம் 1895-இல் மூன்று தனியார் நூலக அறக்கட்டளைகள் இணைந்து உருவான அமைப்பு. 1901-இல் எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரு கார்னெகி கிளை நூலகங்களுக்காக 52 லட்சம் டாலர் தர முன்வந்தபோது, இடமும் பராமரிப்புச் செலவும் நகராட்சியுடையது என்பது ஒப்பந்தம். கிளைகளை நூலகம் நடத்தும், நகராட்சி தாங்கும் என்ற ஏற்பாடு அன்றிலிருந்து நிலைத்துவிட்டது. ஜெபர்சன் மார்க்கெட் கட்டடமும் நகராட்சியின் சொத்து. எனவே வாங்குவதோ விற்பதோ, புதிய அறக்கட்டளை தொடங்குவதோ தேவைப்படவில்லை. நகராட்சியின் ஒரு கையிலிருந்த கட்டடம் இன்னொரு கைக்கு மாறினால் போதும். அதன்பின் ஆண்டுதோறும் வரவு செலவில் அதற்கொரு வரி இருக்கும். அருங்காட்சியகம் என்றோ கலை அரங்கம் என்றோ கேட்டிருந்தால் பணத்துக்கு யாரையாவது ஒவ்வோர் ஆண்டும் தேட வேண்டியிருந்திருக்கும்.

1961-இல் மேயர் ராபர்ட் வாக்னர், கட்டடம் பாதுகாக்கப்பட்டு நூலகமாக மாற்றப்படும் என்று அறிவித்தார். அறிவிப்பு வந்த காலத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். அது தேர்தல் ஆண்டு. தம் கட்சியின் பழைய தலைமையோடு மேயர் அப்போது முறித்துக்கொண்டிருந்தார். அந்தத் தலைமையின் முதன்மையான ஆளுக்குச் சொந்த வட்டாரமே கிரீனிச் வில்லேஜ்தான், அவர் அந்த ஆண்டு செப்டம்பரில் அங்கேயே தோற்றுப்போனார். வில்லேஜ் சீர்திருத்தக்காரர்களின் ஆதரவு மேயருக்குத் தேவைப்பட்ட நேரத்தில் அவர்கள் விரும்பிய ஓர் அறிவிப்பு வந்தது என்று நான் படிக்கிறேன். இதில் தவறு காண ஒன்றுமில்லை. பல ஆண்டுகளாகக் கோரிக்கையைத் தயார் நிலையில் வைத்திருந்தவர்களுக்குத்தான் அப்படிப்பட்ட நேரம் பயன்படும்.

அறிவிப்புக்கும் திறப்புக்கும் இடையே ஆறு ஆண்டுகள் சென்றன. அந்த ஆறு ஆண்டுகளிலும் மழை வெயிலுக்கு விடுமுறை இல்லை. குழு கலைந்துவிடாமல் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் அறிவிப்பு கோப்பில் புதையவில்லை.

மாற்றியமைப்பில் எடுத்த முடிவுகள்

மாற்றியமைக்கும் பொறுப்பு ஜார்ஜியோ கவாலியேரியிடம் வந்தது. 1911-இல் வெனிஸில் பிறந்து, 1939-இல் பாசிச இத்தாலியை விட்டு வெளியேறி அமெரிக்காவுக்கு வந்தவர் அவர். முகப்பில் வெனிஸ் வழக்குக் காட்சி செதுக்கப்பட்ட கட்டடம் ஒரு வெனிஸ்காரர் கையில் வந்தது தற்செயல்தான். சொல்லாமல் விட மனமில்லை.

அவர் முன்னே இரண்டு வழிகள் இருந்தன. 1877-இல் இருந்ததுபோலவே ஒவ்வொன்றையும் திரும்பச் செய்வது ஒரு வழி. வெளிச்சுவரை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே முழுவதையும் புதிதாக்குவது இன்னொரு வழி. அவர் இரண்டையும் ஏற்கவில்லை. பழையது பழையதாகச் சீர்செய்யப்பட வேண்டும், புதிதாகச் சேர்ப்பது புதியது என்று பார்த்த உடனே தெரிய வேண்டும் என்பது அவர் கொண்ட நெறி. நூலகத்துக்குத் தேவையான விளக்குகள், கதவுகள், கைப்பிடிகள், உயரே செல்லும் நடைபாதை ஆகியவற்றில் அவரது காலத்து இரும்பும் கண்ணாடியும் ஒளிவுமறைவின்றி நிற்கின்றன. போலிக் கோத்திக் வளைவுகளை அவர் வரையவில்லை. அந்தக் காலத்து உலோக வேலைப்பாடு சற்று விறைப்பாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு, எனக்கும் சில இடங்களில் அப்படித் தோன்றுவதுண்டு. ஆனாலும் எது 1877, எது 1967 என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. அடுத்து மராமத்து செய்ய வருபவருக்கு இது பெரிய உதவி.

அறைகளை ஒதுக்கிய விதம் இன்னும் சிறப்பானது. கட்டடம் எதற்கு இடம் தருகிறது என்று பார்த்து அதற்கேற்ப நூலகத்தின் பிரிவுகள் அமர்ந்தன. மேல்தளத்து உரிமையியல் மன்றம் உயர்ந்த கூரையும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களும் உடைய பெரிய கூடம். வாதங்கள் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும், வெளிச்சம் நிறைய வர வேண்டும் என்று கட்டப்பட்டது. அது பெரியவர்களுக்கான வாசிப்புக் கூடமானது. தரைத்தளத்துக் காவல் மன்றம் குழந்தைகள் பகுதியானது. கைதிகளை நிறுத்திவைத்த நிலவறை, அகராதி, கலைக்களஞ்சியம் போன்ற மேற்கோள் நூல்கள் இருக்கும் பகுதியானது.

கடைசியாகச் சொன்னதன் பின்னே பொறியியல் நியாயமும் இருக்கிறது. புத்தகம் கனமான பொருள். இன்றைய அமெரிக்கக் கட்டட விதிகளின்படி, வாசிப்பு அறையின் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 290 கிலோ தாங்கினால் போதும். நெருக்கமாக அலமாரிகள் நிற்கும் அறையின் தளமோ 730 கிலோ அளவுக்குத் தாங்க வேண்டும். பழைய கட்டடத்தை நூலகமாக்க நினைக்கும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பெயின்ட் நிறத்தையும் நாற்காலி வகையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மண்ணின் மேலே நேரடியாக நிற்கும், தடித்த செங்கல் வளைவுகளுள்ள நிலவறை, கனத்த தொகுதிகளை வைப்பதற்கு இயல்பான இடம்.

கோபுரத்தின் சுழற்படிக்கட்டு அப்படியே காக்கப்பட்டது. வாசகர்கள் அந்தப் படிகளில் ஏறி வாசிப்புக் கூடத்துக்குச் செல்லலாம். ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகும் கல்படிகளில், எதிரே இறங்குபவருக்கு எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று கணக்குப் பார்த்துக்கொண்டே ஏற வேண்டும். பார்வைக்கு அந்தக் கட்டடத்தின் தலைசிறந்த உறுப்பு அதுவே. எல்லாரும் ஏறக்கூடியதா என்ற கேள்வி அன்று எழவில்லை.

இதே ஆண்டுகளில் இதே கவாலியேரி, லாபயெட் தெருவில் இருந்த பழைய ஆஸ்டர் நூலகக் கட்டடத்தை நாடக அரங்காக மாற்றினார். அதுவும் 1967-இல் திறக்கப்பட்டது. பொது நூலகத்தை உருவாக்க இணைந்த மூன்றில் ஒன்று அந்த ஆஸ்டர் நூலகம். நீதிமன்றம் நூலகமாகவும் நூலகம் அரங்கமாகவும் ஒருவர் கையாலேயே ஒரே ஆண்டில் மாறின என்பதைப் பார்க்கும்போது, கட்டடத்துக்கும் அதன் முதல் வேலைக்கும் உள்ள பிணைப்பு நாம் நினைக்கும் அளவுக்கு இறுக்கமானது அன்று என்று தெரிகிறது.

திறப்புக்குப் பின்

1967-இல் கிளை திறந்தது. மதிலுக்கு அப்பால் மகளிர் சிறை இன்னும் இயங்கிக்கொண்டிருந்தது. கைதிகள் ஜன்னல் வழியே தெருவில் நிற்கும் உறவினர்களைக் கூவி அழைப்பது அந்தப் பகுதிக்குப் பழகிய ஓசை. 1971-இல் கைதிகள், நகரின் சிறைகள் உள்ள ரைக்கர்ஸ் தீவுக்கு மாற்றப்பட்டனர். 1973, 74 ஆண்டுகளில் சிறை இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் பகுதிவாசிகளே பராமரிக்கும் தோட்டம் உருவாகி, இன்றும் நூலகத்தை ஒட்டி இருக்கிறது.

1969-இல் கிரீனிச் வில்லேஜின் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டபோது கட்டடத்துக்கு முதன்முறையாகச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. 1977-இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதியும் வந்தது. வரிசையைப் பாருங்கள்: முதலில் பயன், பிறகு சட்டம், கடைசியாகப் பட்டம். பெரும்பாலான இடங்களில் இதைத் தலைகீழாகச் செய்ய முயல்கிறோம்.

சட்டமும் பட்டமும் பணம் தருவதில்லை. 1975-இல் நகராட்சி திவாலாகும் விளிம்புக்குப் போனபோது நகரின் கிளை நூலகங்கள் எல்லாவற்றிலும் சேவை நேரம் வெட்டப்பட்டது. ஸ்லேட் கூரை, கல் செதுக்கல்கள், வண்ணக் கண்ணாடி ஆகியவை சாதாரணக் கிளைக் கட்டடத்தைவிடப் பல மடங்கு பராமரிப்புக் கேட்பவை. வெளிப்புற மராமத்துக்காகப் பின்னாளில் சாரம் கட்ட வேண்டியும் வந்தது. அடுத்த பெரிய வேலை 2019-இல் தொடங்கியது. ஏறத்தாழ 1 கோடி டாலர் செலவில் சாய்தளம், லிப்ட், கழிப்பறை, நுழைவுக் கூடம் ஆகியவை சீரமைக்கப்பட்டு, இடையே பெருந்தொற்றுக் காலமும் சேர்ந்துகொள்ள, 2022-இல்தான் கிளை மீண்டும் திறந்தது.

எதை மாற்றிச் செய்யலாம்

மாற்றுத்திறனாளிகளுக்கான வழி முதலிலேயே திட்டமிடப்பட்டிருக்க வேண்டும் என்பது என் முதல் கருத்து. 1967-இல் அதற்குச் சட்டக் கட்டாயம் இல்லை. அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1990-இல் வந்தது. அன்றைய ஆட்களைக் குறை கூறுவது நியாயமாகாது. ஆனால் இன்று இதே போன்ற வேலையில் இறங்குபவர், நீதிமன்றமாக இருந்தபோது படியேற முடியாதவர் யாராவது கைத்தாங்கலாக வந்து போயிருக்கலாம், நூலகத்துக்கு அவர் வாரந்தோறும் தனியாக வர விரும்புவார் என்பதை வரைபடத்தின் முதல் தாளிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டதன் விலை, மூன்று ஆண்டு மூடிக் கிடந்த கிளை.

பராமரிப்புப் பணத்தைப் பற்றியும் தெளிவான ஏற்பாடு தேவைப்பட்டது. நூலகத்துக்கு ஒதுக்கும் தொகையிலிருந்தே கோபுரக் கல்லையும் பார்த்துக்கொள் என்றால், நெருக்கடி வரும்போது புத்தகமா கூரையா என்ற போட்டி உருவாகும். நூலகர் எப்போதும் புத்தகத்தின் பக்கமே நிற்பார், நிற்கவும் வேண்டும். எனவே கட்டடத்தின் வெளிப்புறத்துக்கென்று தனித் தலைப்பில் நிதியும், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை கூரையும் கல்லும் சோதிக்கப்பட வேண்டும் என்ற அட்டவணையும், ஒப்படைக்கும் நாளிலேயே எழுத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவதாகச் சொல்வது விவாதத்துக்குரியது. 1920களின் இறுதியில் சிறையும் சந்தையும் இடிக்கப்பட்டபோது குறிப்பிடத்தக்க எதிர்ப்பு எழவில்லை. 1970களில் மகளிர் சிறை இடிந்தபோது பலர் நிம்மதி அடைந்தார்கள். எஞ்சி நிற்பது அந்த வளாகத்தின் மிக அழகான பகுதி மட்டும். இரவு நீதிமன்றத்தில் வரிசையாக நிறுத்தப்பட்ட பெண்களின் கதை, செங்கல் வளைவுகள் வழியே அறைக்குள் வந்தமர்ந்து படிக்கும் வாசகருக்கு, யாராவது சொன்னாலொழியத் தெரியாது. இடிக்கப்பட்ட கட்டடங்களையும் காப்பாற்றியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடுக்குமாடிச் சிறையை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்திருக்க முடியும் என்பது எனக்கும் விளங்கவில்லை. இடிப்பதற்கு முன் அளவெடுத்து, படமெடுத்து, அங்கே இருந்தவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்து, எஞ்சிய கட்டடத்திலேயே வைப்பதற்கு நூலகத்தைவிடப் பொருத்தமான இடம் வேறு இருக்காது. நிலவறையில் மேற்கோள் நூல்களோடு அதற்கும் ஓர் அலமாரி ஒதுக்குவது மாற்றியமைப்புத் திட்டத்தின் ஒரு செலவினமாகவே சேர்க்கப்பட வேண்டும்.